ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!
திருமணப் பந்திக்கு ஒரு கைபேசிச் செயலி

பல ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு பங்கில் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்தது இது. கொத்தனார் ஒருவர் தம் மூத்த மகளுக்குத் திருமணம் நடத்தினார். ஆயிரம் பேருக்குச் சமையல். விடியற்காலையில் தொடங்கிய மழை மாலை வரை ஓயவில்லை. வந்தவர்கள் அறுநூறு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். மறுநாட் காலை, மண்டபத்தின் பின்புறம் ஆள் உயரக் குழியொன்று வெட்டப்படுவதைக் கண்டோம். புளித்துப்போன சோறும் குழம்பும் அண்டா அண்டாவாக அதில் கொட்டப்பட்டன. கொத்தனார் அருகில் நின்றார். அவர் பேசவில்லை. அவருடைய மனைவியின் நகை அடகுக் கடையில் இருந்தது. மகள் வயிற்றுப் பேரனுக்குத் திருமுழுக்குக் கொடுக்க நாம் சென்ற நாளிலும் அந்த நகை மீட்கப்படாமலே இருந்தது!

இதற்கு நேர்மாறான காட்சியையும் நம் வாசகர்கள் கண்டிருப்பார்கள். மூன்றாம் பந்தியில் குழம்பு தீர்ந்துவிடும். கைகழுவி எழுந்தவர்கள் வெளியே சொல்ல, காத்திருப்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பெண்ணைப் பெற்றவர் தலைகுனிந்து நிற்பார். "கல்யாணத்தைப் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார்" என்று முன்னோர் சும்மாவா சொன்னார்கள்? மிஞ்சினால் கடன், குறைந்தால் அவமானம். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வழி மிகக் குறுகியது. அவ்வழியைக் காட்ட ஒரு கைபேசிச் செயலி உதவுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப்போகும் செய்தி.

இளைஞரும் முதியவரும்

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வெளியூரில் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறார். அவருடைய தங்கைக்குத் திருமணம் நிச்சயமானது. விருந்துப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அவர், அதற்கென்றே ஒரு செயலியை வடிவமைக்க முனைந்தார். முதல் வடிவத்தை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள்! நாற்பது வகைப் பண்டங்களின் படங்கள்! விரும்பிய படத்தைத் தொட்டு, விருந்தினர் எண்ணிக்கையை இட்டால் போதும். அரிசி முதல் உப்பு வரை பட்டியல் வந்து விழும்.

அப்போது நம் இல்லத்தில் இன்னொருவரும் இருந்தார். ஐம்பது ஆண்டுகளாகத் திருமணச் சமையல் செய்துவரும் முதியவர் அவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தபின், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆனா எத்தனை பேருன்னு யாரு சொல்லுவா?"

"அதை நாமதான் போடணும் தாத்தா."

"அது தெரிஞ்சா மத்ததை நான் வாயாலேயே சொல்லிருவேனே!"

இளைஞர் சிரித்துவிட்டார். ஆனால் அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லையாம். மறுநாள் ஒரு வெள்ளைத் தாளோடு முதியவரின் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார். உண்மையான வடிவமைப்பு அந்தத் திண்ணையிலேதான் தொடங்கியது. பெருக்கல் கணக்கைப் போட எந்தக் கருவியும் போதும். எதைப் பெருக்குவது என்பதிலேதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

தலைக்கணக்கு

மேலை நாடுகளில் அழைப்பிதழோடு, வருவதை முன்கூட்டியே தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்வார்கள். வருவதாகச் சொன்னவருக்கே இருக்கை இருக்கும். நம் ஊரில் அப்படிக் கேட்கலாகுமா? "நீங்கள் வருவீர்களா, எத்தனை பேர் வருவீர்கள்?" என்று கேட்டாலே மனத்தாங்கல் வந்துவிடும். நாம் அழைப்பது ஆளையன்று, வீட்டை. "குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்" என்று சொல்லித்தான் வெற்றிலை பாக்கு வைக்கிறோம். ஆகவே, பிற நாட்டுச் செயலிகளில் உள்ள பதில் பொத்தான் நமக்கு உதவாது. எண்ணிக்கையை அழைப்பவரே அமைதியாகக் கணித்தாக வேண்டும்.

அதற்கு முதியவர் வழி சொன்னார். அழைக்கும் வீடுகளை நான்காகப் பிரிக்க வேண்டும்: நெருங்கிய உறவினர், ஊரார், வேலையிடத்து நண்பர்கள், வெளியூரார். ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு அளவு உண்டு. இளைஞரின் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அழைப்பிதழ்கள் 240. நெருங்கிய உறவினர் 60 வீடுகள்; வீட்டுக்கு நால்வர் வீதம் 240 பேர். ஊரார் 80 வீடுகள். வீட்டுக்கு இருவர் வீதம் 160 பேர். வேலையிடத்தார் 40, ஆளுக்கு ஒருவராக 40 பேர். வெளியூரார் 60 வீடுகள். பாதி வீட்டார் வருவர், வந்தால் இருவர். ஆக 60 பேர். மொத்தம் 500 பேர்.

கவனியுங்கள்! வீட்டுக்கு நால்வர் என்று பொதுவாகப் பெருக்கியிருந்தால் 960 பேர் என்று வந்திருக்கும். கிலோ அரிசிக்கு எட்டுப் பேர், கிலோ ஆட்டிறைச்சிக்கும் எட்டுப் பேர் என்பது முதியவரின் கணக்கு. 960 பேருக்கு இரண்டிலும் 120 கிலோ வீதம் வேண்டும். 500 பேருக்கு 62½ கிலோவே போதும். ஏறத்தாழ 57 கிலோ இறைச்சி வேறுபாடு! இன்று ஆட்டிறைச்சி விற்கும் விலையில் அது எத்தனை மாதச் சம்பளம் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நாம் முதலிற் சொன்ன குழியில் புதைக்கப்பட்டது சோறு மட்டுமன்று.

எனவே செயலியின் முதற் பக்கத்திலிருந்து பண்டங்களின் படங்கள் நீக்கப்பட்டன. அவ்விடத்தில் வீடுகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வகை, ஆட்கள், குழந்தைகள் என மூன்று கட்டங்கள் மட்டுமே. குடும்பத்தில் முன்பு நடந்த திருமணத்தின் மொய் நோட்டு இருந்தால், யார் வந்தார்கள் என்பதை அதிலிருந்து சரிபார்க்கலாம். மதுரை, தேனிப் பக்கங்களில் மொய் எழுதவே கணினியும் அச்சுச் சீட்டும் வந்துவிட்டன. வரவைக் கணக்கிடக் கருவி வந்த நாட்டில், செலவைக் கணக்கிட ஒரு கருவி வருவதில் வியப்பென்ன?

தொகை முதலில், பண்டம் பின்னர்

இரண்டாவதாக ஒரு பெரிய மாற்றத்தை நாம் வற்புறுத்தினோம். நாற்பது படங்களை அடுக்கிக் காட்டினால் எந்த வீட்டார்தாம் ஆசையை அடக்க முடியும்? இளைஞரின் அத்தையார் விளையாட்டாகத் தொட்டதிலேயே இருபத்திரண்டு பண்டங்கள் சேர்ந்துவிட்டன! கடையில் பொருளை அடுக்குவது போலச் செயலியில் பண்டங்களை அடுக்கினால், அந்தச் செயலி வீட்டாருக்கு உதவும் நண்பனாக இராது. வீட்டாரிடம் விற்க வந்த வணிகனாகிவிடும்.

ஆகவே, "விருந்துக்கு எவ்வளவு செலவிடலாம்?" என்ற கேள்வி முதலில் வைக்கப்பட்டது. கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று தனித்தனியே கேட்கப்படும். பின்னர் ஒவ்வொரு பண்டத்தைச் சேர்க்கும்போதும் அதன் விலை ரூபாயில் மட்டுமன்றி, உழைப்பு நாட்களிலும் தோன்றும். சான்றாக, ஆளுக்கு 20 ரூபாய் வீதம் பனிக்கூழ் வைத்தால் 500 பேருக்கு 10,000 ரூபாய். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் கூலி வாங்கும் தந்தைக்கு அது பத்து நாள் உழைப்பு. செயலி 'வேண்டாம்' என்று சொல்வதில்லை, அறிவுரை கூறுவதுமில்லை. "பத்து நாள்" என்று மட்டும் காட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடும். வைப்பதும் விடுவதும் வீட்டாரின் விருப்பம். விரலுக்குத் தகுந்த வீக்கம் எது என்று அவர்களே கண்டுகொள்வார்கள். இளைஞரின் வீட்டில் இருபத்திரண்டு பண்டங்கள் ஒன்பதாயின. சோறு, பருப்பு, ஆட்டிறைச்சிக் குழம்பு, பொரியல், அப்பளம், ஊறுகாய், ரசம், மோர், பாயசம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

சமையற்காரரின் கணக்கு

பத்துப் பேருக்கான அளவை ஐம்பதால் பெருக்கினால் ஐந்நூறு பேருக்கான அளவு வந்துவிடும் என்று இளைஞர் எண்ணியிருந்தார். முதியவர் மறுத்தார். அரிசியும் பருப்பும் அப்படிப் பெருகும். உப்பும் காரமும் தண்ணீரும் அப்படிப் பெருகமாட்டா. சிறு பாத்திரத்தில் உள்ள அளவுக்கு ஏற்பப் பார்த்தால் ஆவியாகிப் போகும் நீர் அதிகம். பெரிய அண்டாவில் குறைவு. எனவே பெருக்கிய கணக்கின்படி நீர் ஊற்றினால் குழம்பு தண்ணீராகிவிடும். உப்பையும் மிளகாயையும் முதலிற் குறைத்துப் போட்டு, சுவை பார்த்துச் சேர்ப்பதே முறை. ஆகவே செயலியில் இவற்றுக்கு எதிரே வாங்கும் அளவு மட்டும் இருக்கும். போடும் அளவு சமையற்காரரின் நாவுக்கே விடப்பட்டது.

அடுத்து, கடையில் 62½ கிலோ அரிசி என்று எவரும் வாங்குவதில்லை. 25 கிலோ மூட்டையாகத்தான் வாங்குகிறோம். எண்ணெய் என்றால் 15 கிலோ தகரம். எரிவாயு என்றால் வணிகப் பயன்பாட்டுக்குரிய 19 கிலோ உருளை. வீட்டில் உள்ள 14.2 கிலோ உருளையை இதற்குப் பயன்படுத்துவது முறையன்று. குடிநீர் 20 லிட்டர் கேனாக வருகிறது. ஆகவே பட்டியல் கிராமில் வராமல், மூட்டை, தகரம், உருளை, கேன் என்று கடைக்காரர் பேசும் மொழியிலேயே வருமாறு செய்யப்பட்டது.

பட்டியலும் ஒன்றாக இராது. நாள்வாரியாகப் பிரிந்து வரும். மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றை வாங்கிக் காயவைத்து அரைக்க ஒரு மாதம் முன்பு. அரிசி, பருப்பு, எண்ணெய் ஒரு வாரம் முன்பு. காய்கறியும் வாழையிலையும் முதல்நாள் மாலை. இறைச்சி, பால், தயிர் அன்று விடியற்காலை. வாடகைப் பாத்திரங்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. எத்தனை அண்டா, எத்தனை வாளி, எத்தனை கரண்டி வந்தன, எத்தனை திரும்பின என்று குறித்துக்கொள்ளலாம். திருமணம் முடிந்த மறுநாள் காணாமற்போன கரண்டிக்காக நடக்கும் சண்டையை அறியாதவர் உண்டோ?

பந்தியும் கடிகாரமும்

மண்டபத்தில் ஒரே வேளையில் 150 பேர் அமரலாம். 500 பேருக்கு நான்கு பந்திகள். பந்திக்கு நாற்பது நிமிடம். பகல் 12 மணிக்கு முதற் பந்தி தொடங்கினால், நான்காம் பந்தி 2 மணிக்கு அமரும், 2.40-க்கு எழும். 11 மணிக்கே எல்லாவற்றையும் ஆக்கி இறக்கிவிட்டால், கடைசிப் பந்தியார் உண்பது மூன்று மணி நேரம் கிடந்த உணவு. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது; வைப்பதானால் 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. திருமண வீட்டில் உண்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் என்ற செய்தியை நாளிதழ்களில் எத்தனை முறை படித்துவிட்டோம்!

ஆகவே செயலி பின்னோக்கிக் கணக்கிடும். எந்த அண்டா எத்தனை மணிக்கு அடுப்பேற வேண்டும் என்று சொல்லும். இங்கேதான் முதியவரின் ஐம்பதாண்டு அறிவு வெளிப்பட்டது. "கடைசி அண்டாவை ஏத்தாதீங்க. ரெண்டாம் பந்தி உட்காரும்போது வெளியே நிக்குற கூட்டத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க" என்றார். வெள்ளைச் சோற்றை வடிக்க நெடுநேரம் ஆகாது. ஆக்காத அரிசி வீணாவதில்லை, வீட்டுக்குத் திரும்பிவிடும். இறைச்சியை அப்படி நிறுத்திவைக்க இயலாதே என்று கேட்டோம். "அதை 500 பேருக்கே ஆக்குங்க. 50 முட்டை வாங்கி வைங்க. கூட்டம் மிஞ்சினா அவிச்சுக்கலாம். மிஞ்சலேன்னா முட்டை கெட்டா போகப்போவுது?" என்றார். எவ்வளவு எளிய காப்பீடு! 'கடைசி அண்டா' என்று பெரிய எழுத்தில் ஒரு பொத்தான் செயலியில் இடம்பெற்றது. பந்தி தோறும் போட்ட இலைகளை எண்ணிப் பதிந்தால், அண்டாவை ஏற்றலாமா வேண்டாமா என்று அது காட்டும்.

ஆக்குப்புரைக்கு ஏற்ற கருவி

ஆக்குப்புரையில் புகையும் ஆவியும் நிறைந்திருக்கும். கை ஈரமாக இருக்கும். மண்டபத்தின் பின்புறத்தில் கைபேசிக்குத் தொடர்பு கிடைப்பதே அரிது. எனவே இணையம் இல்லாமலே செயலி இயங்க வேண்டும்; பொத்தான்கள் பெரியனவாக இருக்க வேண்டும்; பழைய கைபேசியிலும் ஓட வேண்டும்; ஒரே தாளில் அச்செடுக்கவும் முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அது தமிழில் பேச வேண்டும். ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டு முதலே இடம்பெற்றிருக்கிறது. அப்படியிருக்க, சமையற்காரரிடம் ஆங்கிலப் பட்டியலை நீட்டுவதற்கு என்ன நியாயம்? "கொரியாண்டர்" என்று எழுதியிருந்ததால் கடைக்காரர் மல்லி விதைக்குப் பதிலாக மல்லித் தழையைக் கட்டிக்கொடுத்த கதையை இளைஞரே நமக்குச் சொன்னார்.

விருந்தினரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பிறர் கைக்குப் போகலாகாது. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் நம் நாட்டில் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. ஆகவே பட்டியல் அந்தக் கைபேசியிலேயே தங்கும். திருமணம் முடிந்தபின் அழித்துவிடலாம்.

மிஞ்சும் உணவுக்கும் முன்னேற்பாடு வேண்டும். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று. மீதமாகும் நல்ல உணவைப் பாதுகாப்பாகப் பகிர்ந்தளிக்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறைகள் வகுத்துள்ளது. அருகிலுள்ள விடுதி அல்லது முதியோர் இல்லத்தோடு முன்கூட்டியே பேசி, எடுத்துச்செல்ல வண்டியையும் குறித்து வைக்கச் செயலி நினைவூட்டும். மாலை ஐந்து மணிக்குப் புளித்த சோற்றை அனுப்புவது அறமாகாது. மேசை விரிப்பு, தண்ணீர்ப் பொட்டலம் உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் தமிழகத்தில் 1.1.2019 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன என்பதையும் அது மறக்கவிடாது.

செயலி மறந்த வரி

திருமண நாள் வந்தது. பந்திக்கு மூன்று முறை 150 இலைகள் நிறைந்தன. இரண்டாம் பந்தி அமர்ந்தபோதே வெளியே கூட்டம் நிறைய நின்றது. கடைசி அண்டாவும் ஏறியது, முட்டையும் அவிந்தது. நான்காம் பந்தியில் 71 பேர். ஆக 521 விருந்தினர். கணக்கு 500, வந்தவர் 521! இளைஞரின் முகத்தில் மகிழ்ச்சி தாங்கவில்லை. நாமும் கைகுலுக்கினோம்.

மூன்று மணிக்கு ஆக்குப்புரைப் பக்கம் சென்றோம். சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், இசைக்குழுவினர், புகைப்படக்காரர்கள், வண்டி ஓட்டிகள் என 36 பேர் அப்போதுதான் இலை போட்டு அமர்ந்திருந்தார்கள். இறைச்சி நான்காம் பந்தியிலேயே தீர்ந்துவிட்டது. முட்டை 29 பேருக்கு எட்டியது. எஞ்சிய ஏழு பேருக்குச் சோறும் ரசமுமே. அந்த ஏழு பேரில் முதியவரும் ஒருவர். ஐந்நூறு பேருக்கு இறைச்சி சமைத்தவரின் இலையில் ஒரு துண்டு இறைச்சி இல்லை!

விருந்தினரை நான்காகப் பிரித்தோம், மண்டபத்தை அளந்தோம், கரண்டியைக்கூட எண்ணினோம். உழைப்பவரை எண்ணவில்லை. கருவி மறந்ததா? இல்லை. நாம் சொல்லாததை அது எப்படி அறியும்? கானாவூர்த் திருமணத்திலும் திராட்சை இரசம் எங்கிருந்து வந்தது என்பது பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. தண்ணீர் மொண்ட பணியாளர்களுக்கே தெரிந்திருந்தது என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டோம்.

இளைஞர் முதியவரின் முன் தரையில் அமர்ந்தார். "தாத்தா, இந்தக் கணக்கை நீங்க ஏன் சொல்லலே?" என்று கேட்டார். "எல்லா வீட்டிலேயும் இப்படித்தான் தம்பி. நாங்க எங்களை எண்ணிச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் முதியவர். அன்றிரவே செயலியில் ஒரு வரி சேர்ந்தது. நெருங்கிய உறவினருக்கும் மேலே, பட்டியலின் முதல் வரியாக அது நிற்கிறது: "உழைப்பவர்கள் எத்தனை பேர்?" அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறவாது.

பெற்றோர்களே! கைபேசி இல்லாதவர்களும் இக்கணக்கைப் போடலாம். இரண்டு ரூல்டு தாளும் ஒரு பென்சிலும் போதும். முதலில் உழைப்பவரை எண்ணுங்கள். அடுத்து வீடுகளை வகைப்படுத்துங்கள். கையிலுள்ள தொகையை எழுதிவிட்டுப் பண்டங்களைத் தேர்ந்தெடுங்கள். கடைசி அண்டாவை அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது கருமியின் பேச்சன்று. அடுத்த நாளும் அடுப்பெரிய வேண்டும் என்று எண்ணுகிறவரின் பேச்சு. உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு மறுநாள் மண்டபத்தின் பின்புறம் குழி வெட்டும் வேலை எவருக்கும் இல்லாதிருக்கட்டும். அடகுக் கடைக்குச் செல்லும் வேலை உங்களுக்கும் இல்லாதிருக்கட்டும்.